பதில் வரும்வரை சொல்லும் பெட்டி

மலை தன் மழையைப் பொடித்துப் பொடித்துக் கீழே அனுப்புகிற ஆனி மாதத்தில், தென்காசிக்கு மேற்கே, காற்று எந்நேரமும் ஈரச்சேலை போல முகத்தில் வந்து படிகிற நறுவிலிப்பட்டியில், பால் குளிரூட்டும் நிலையத்துச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டியை மாட்டி, அதற்குள் செங்கல் அளவில் ஓர் ஈதர்நெட் சுவிட்சை வைத்துவிட்டுப் போனார்கள். சுவிட்ச் என்றதும் அது விளக்குப் போடுவதற்கு என்று ஊர் நினைத்தது. பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு வரிசையாகச் சிறு வாய்களும், ஒவ்வொரு வாயிலும் ஒரு கம்பியும், ஒவ்வொரு கம்பிக்கு மேலும் சிமிட்டுகிற ஒரு பச்சைப் பொட்டும் தெரிந்தன. பால் தொட்டிகளின் சூட்டை அளக்கும் கருவிகள், குளிர் எந்திரம், எடைமேடை எல்லாவற்றின் கம்பிகளும் அங்கேதான் வந்து கூடின. ஒன்று சொல்வதை இன்னொன்றுக்குக் கேட்கச் செய்வது அதன் வேலை. ஏதாவது ஒன்று பேச்சை நிறுத்திவிட்டால், நிறுத்திவிட்டது என்று உரியவருக்குச் சொல்லிவிடுவதும் அதன் வேலை.

இந்த இரண்டாவது வேலையை அதற்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உலகம்மாளுக்கு வந்தது. அவள்தான் நிலையத்தின் பொறுப்பாளர். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவள், ஐம்பதை நெருங்குகிறவள், காலையும் மாலையும் ஊர் கொண்டுவந்து ஊற்றும் பாலில் பால்மானியை மிதக்கவிட்டு அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று உரக்கச் சொல்லுகிறவள். ஊரோடு அவளுக்கு இருந்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அவள் புருஷனின் அக்காள் சுடலைவடிவு அந்த அளவுகூடப் பேசுவதில்லை.

“இந்தத் தூக்குவாளி நேத்தும் இதே மாட்டுப் பாலத்தான் கொண்டாந்துச்சு. நேத்து இருபத்தெட்டாம், இன்னைக்கு இருபத்தாறாம்” என்று சுடலைவடிவு தன் வாளியிடம் சொல்வாள்.

“மாடு மழையில நனைஞ்ச புல்லத் தின்னிருக்கும்” என்று உலகம்மாள் பால்மானியிடம் சொல்வாள்.

வாளியும் பால்மானியும் நடுவில் நின்று இத்தனை வருஷமாக அந்தக் குடும்பத்து உறவைத் தாங்கிக்கொண்டிருந்தன.

அன்று காலைப் பால் முடிந்ததும், நாகர்கோவிலில் இருந்த கிளாட்வின் என்ற பொறியாளர் தொலைபேசியில் வழி சொல்லச் சொல்ல, உலகம்மாள் கணினியில் சுவிட்சின் பக்கத்தைத் திறந்தாள்.

“எந்தெந்தச் சங்கதியச் சொல்லணும்னு டிக் போடுங்க மேடம். எல்லாத்துக்கும் போட்டுராதீங்க. அப்புறம் பக்கத்துல யாரும் தும்முனாக்கூடச் சொல்லும்.”

கம்பி கழன்றால் சொல்ல வேண்டும், திரும்பச் சேர்ந்தால் சொல்ல வேண்டும், மின்சாரம் போனால் சொல்ல வேண்டும், தொட்டியின் சூடு கோட்டைத் தாண்டினால் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து யோசித்துக் குறியிட்டாள். யாருக்கு என்ற கட்டத்தில் தலைமை அலுவலகத்துக் கணினியின் முகவரியைப் போட்டாள். இரண்டு பக்கமும் அறிந்த அடையாளச் சொல் ஒன்று வேண்டும், மறந்துபோகாததாக இருக்கட்டும் என்று கிளாட்வின் சொன்னபோது, ஊரின் பெயரைப் போட்டாள்.

“இனி ஒண்ணுதான் மேடம். ட்ராப்பா, இன்பார்மா? ட்ராப்புன்னா சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிரும். போய்ச் சேந்துச்சா, யாரும் கேட்டாங்களான்னு பாக்காது. இன்பார்முன்னா எதிராளி ‘கேட்டேன்’னு சொல்லுத வரைக்கும் விடாமத் திருப்பித் திருப்பிச் சொல்லும். ட்ராப்பே போதும். நாங்க எல்லா இடத்துலயும் அதத்தான் போடுதோம்.”

உலகம்மாளின் விரல் நின்றது.

செல்போன் ஊருக்குள் வராத காலத்தில், அவள் புருஷன் திருமலைக்குமார் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கடையில் கணக்கெழுதப் போயிருந்தான். மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று அவனை அங்கேயே கொண்டுபோயிற்று. நறுவிலிப்பட்டி பக்கம் போகிற வாழைக்காய் லாரியின் ஓட்டுநரைக் கையெடுத்துக் கும்பிட்டு, இன்ன தெருவில் சுடலைவடிவு வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று உலகம்மாள் சேதி அனுப்பினாள். அவரும் நெஞ்சில் கை வைத்துச் சரி என்றார். மலைப்பாதையில் பாறை விழுந்து லாரி திரும்பி வேறு வழியாக வேறு ஊருக்குப் போனது. அவள் அனுப்பிய சொல் எந்தத் திருப்பத்தில் உருண்டு எந்தப் பள்ளத்தில் விழுந்ததோ. உடல் தாங்குகிற மட்டும் காத்திருந்து, பிறகு அங்கேயே எரித்து, சாம்பலோடு அவள் வந்து இறங்கியபோது, சுடலைவடிவு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கூடப்பிறந்தவளுக்கு முகம் காட்டாமல் எரித்துவிட்டு வந்தவள் என்று சொன்னாள்.

சொல்லுவது என்பது அந்தப் பக்கத்தில் சாதாரணக் காரியம் இல்லை. கல்யாணத்தை வெற்றிலை வைத்து வீடேறிச் சொல்ல வேண்டும். சாவை ஆள் போய் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். வழியில் கண்டபோது சொன்னது சொன்னதாகாது. சொல்லாதவளுக்கு இனி யாரும் சொல்லக் கூடாது என்று அன்று முடிவாயிற்று. அதன்பின் எத்தனையோ காதுகுத்தும் வளைகாப்பும் எழவும், எதிர்ச்சாரியில் மட்டும் பெய்துபோகிற மழையைப் போல, உலகம்மாளின் வாசலைத் தொடாமல் கடந்துபோயின.

“இன்பார்மே இருக்கட்டும் தம்பி.”

“பாரம் மேடம் அது.”

“தாங்கட்டும்.”

“சரி, உங்க இஷ்டம். ஒரு கம்பிய உருவிப் பாருங்க, சேதி வருதான்னு.”

அவள் இரண்டாம் தொட்டியின் கம்பியை உருவிய கணத்தில், ஆவுடைநாயகத்தின் டீக்கடையில் கிளாசை வாயருகே கொண்டுபோனவருக்கு விக்கல் எடுத்தது, டீயை ஆற்றிக்கொண்டிருந்த ஆவுடைநாயகத்துக்கு எடுத்தது, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட டீச்சருக்கும் ‘உள்ளேன்’ என்று எழுந்த பிள்ளைகளுக்கும் எடுத்தது, முப்பிடாதி கோயிலில் மணியாட்டிய பூசாரிக்கும், வாய்க்காலில் துணி அடித்த பெண்களுக்கும், தொட்டிலில் கிடந்த பச்சைப் பிள்ளைக்கும், தொட்டிலை ஆட்டியவளுக்கும், ஒரே தாளத்தில், ஒரே இடைவெளியில், ஊர் முழுவதும் ஒரே தொண்டையாகி விக்கத் தொடங்கியது.

தண்ணீர் குடித்தார்கள், நிற்கவில்லை. சீனி தின்றார்கள், ஒருவரையொருவர் பின்னால் வந்து பயமுறுத்தினார்கள், நிற்கவில்லை. விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள், நினைக்கிறவர் பேரைச் சொன்னால் நின்றுவிடும் என்பது எல்லோரும் அறிந்ததுதான் என்பதால், மஸ்கட்டில் இருக்கும் மகன்களின் பேரைச் சொன்னார்கள், திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள்களின் பேரைச் சொன்னார்கள். ஒருவர் பதற்றத்தில் பெண்டாட்டியின் பேரல்லாத ஒரு பேரைச் சொல்ல, அது அவர் வீட்டில் தனிக்கதையாயிற்று. இருப்பவர்கள் தீர்ந்து இறந்தவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

“உசுரோட இருக்கவன் பேரும் தீந்துச்சு, செத்தவன் பேரும் தீந்துச்சு” என்றார் ஆவுடைநாயகம், விக்கலுக்கு நடுவே. “இனி அந்தப் பால்பண்ணைப் பெட்டி ஒண்ணுதான் வே பாக்கி.”

அவருக்கு நின்றது. அவரைப் பார்த்து மற்றவர்களும் ‘பெட்டி, பெட்டி’ என்றார்கள், நின்றது. ஊரே கிளம்பி நிலையத்துக்கு வந்து பார்த்தபோது, உலகம்மாள் உருவிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அதைத் திரும்பச் செருகியதும் எல்லோருக்கும் ஒரு சின்ன விக்கல், குழந்தை பால் குடித்து முடித்ததும் வருவது போல, இதமாக வந்து போனது.

“இங்க ஒண்ணுமே வரலியே மேடம்” என்றார் கிளாட்வின். “ஆனா பதில் கிடைச்சுதுன்னு உங்க பக்கம் காட்டுதே!”

“வந்துது தம்பி. இங்கன வந்துது.”

நறுவிலிப்பட்டி இதை ஏற்றுக்கொள்வதற்கு அதிகக் காலம் எடுத்துக்கொள்ளவில்லை. பல்லி சொல்கிறது, காகம் சொல்கிறது, இடக்கண் துடித்துச் சொல்கிறது, அந்த வரிசையில் பால்பண்ணைப் பெட்டியும் சொல்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். ஒற்றை விக்கல் என்றால் கம்பி, அடுக்கு விக்கல் என்றால் மின்சாரம், அடிவயிற்றிலிருந்து எழும் நீண்ட விக்கல் என்றால் தொட்டி சூடேறுகிறது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்துபோயிற்று. நீண்ட விக்கல் எடுத்தால் சோற்றுக்கையோடும், சவர நுரையோடும், பாதி பின்னிய சடையோடும் ஓடிவந்தார்கள். எலி கடித்த கம்பியையும், யாரோ துடைப்பத்தால் இழுத்துவிட்ட கம்பியையும் உலகம்மாள் பூட்டைத் திறப்பதற்குள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த ஊர்ப் பால் திரிவது நின்றுபோனது. மஸ்கட்டில் இருந்த மகன்கள் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போன் செய்து, “என்னம்மா, கரண்டு போயிருச்சா?” என்று கேட்டார்கள். வாழ வந்த மருமகளுக்கு முதல் விக்கல் எடுத்த நாளில் அவளுக்குப் பூ வைத்தார்கள், இனி அவள் இந்த ஊர்க்காரி என்று.

பெட்டியின் மேல் அவர்களுக்கு வந்த மரியாதை பயத்தினால் வந்ததில்லை. அது எல்லோருக்கும் ஒரே கணத்தில் சொல்லியது. முதல் வெற்றிலை எந்தத் தெருவுக்கு, பெரிய வீட்டுக்கு முன்னால் சின்ன வீட்டில் சொன்னது யார் என்று மூன்று தலைமுறையாக முகம் திருப்பிக்கொண்டிருந்த ஊரில், தலைவாசலுக்கும் புறவாசலுக்கும், கோயில் பூசாரிக்கும் குப்பை அள்ளுகிறவருக்கும், முந்தாமல் பிந்தாமல், கூட்டாமல் குறைக்காமல் சொல்லிய முதல் வாய் அதுதான். கேட்டாயா என்று கடைசி ஆள் வரைக்கும் காத்திருந்த முதல் வாயும் அதுதான். ஆயுதபூஜையன்று அதற்கு மாலை போட்டார்கள். காற்றுப் போகிற துளைகளில் சந்தனம் அப்ப வந்த பூசாரியை உலகம்மாள் கைகூப்பித் தடுத்து, குங்குமத்தைப் பெட்டியின் நெற்றியில் மட்டும் வைக்கச் சொன்னாள்.

அவளும் அதை வியந்தாள். பால் இறங்கிய பிற்பகல்களில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, பச்சைப் பொட்டுகள் ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதைப் பார்த்திருப்பாள். சொன்னது போய்ச் சேராவிட்டால் மறுபடி சொல்கிற ஒரு சீவன். அதற்கு அலுப்பில்லை, ரோஷமில்லை, நான் சொன்னேனே என்ற வழக்கில்லை. அன்று அந்தக் கணவாயில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைப்பாள், நினைத்ததும் பெட்டியை மூடிவிடுவாள்.

ஏனென்றால் அவளுக்கு விக்கல் எடுக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் எடுத்தது, ஊருக்கு வந்துபோன தலைமை அலுவலக அதிகாரிக்குக்கூட இரண்டு நாள் தங்கியதில் எடுத்தது, அவளுக்கு மட்டும் இல்லை. வேண்டுமென்றே வறட்டுப் புட்டை விழுங்கிப் பார்த்தாள். கம்பியை உருவிவிட்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். தெருவில் அத்தனை பேருக்கும் விக்கும் சத்தம் கேட்கும், அவள் தொண்டை அமைதியாக இருக்கும். பெட்டிக்கு அவள் கொடுத்தது ஊரின் பெயர். யாரையெல்லாம் ஊர் தன்னில் ஒருவராக எண்ணியதோ அவர்களுக்கெல்லாம் அது சொன்னது. அதற்கு அவள் மேல் வஞ்சம் ஏதும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் வலி குறையவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு சின்ன விக்கல், அவ்வளவு வந்தால் போதும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

பழகப் பழக ஊர் வேறொன்றையும் கற்றுக்கொண்டது. பேரைச் சொன்னால் விக்கல் நின்றுவிடுகிறது. நின்றபின் எதற்கு ஓட வேண்டும்? யாராவது ஓடியிருப்பார்கள். வாயில் இட்லியோடு ‘பெட்டி’ என்றார்கள், சீட்டு விளையாட்டில் சீட்டை இறக்கியபடி ‘பெட்டி’ என்றார்கள், தூக்கத்தில் புரண்டு படுத்துக்கொண்டே ‘பெட்டி’ என்றார்கள். ஓடிவருகிற கால்கள் குறைந்தன. பால் கெடாமல் இருந்தது உலகம்மாள் பக்கத்திலேயே இருந்ததால்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சுடலைவடிவின் மகள் வள்ளிமயிலுக்கு மறு ஆனியில் கல்யாணம் வந்தது. ஊரில் வெற்றிலை வைக்காத வீடு ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நேரத்தில், மண்டபத்து நாதசுரத்தைச் சாரல் நனைத்து நனைத்து நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, காற்றில் ஒரு புளியமரம் சாய்ந்து மின்கம்பியையும் சாலையையும் சேர்த்து அமுக்கியது. பால் வண்டி வர வழியில்லை. நிலையத்து ஜெனரேட்டரை உலகம்மாள் இழுத்துப் பார்த்தாள். அது இருமி இருமி அடங்கிவிட்டது. சுவிட்சும், சூட்டை அளக்கும் கருவிகளும், கணினியும் மட்டும் மின்கலத்தில் விழித்திருந்தன. முந்தின மாலைப் பாலும் அன்றைய காலைப் பாலும், ஊரின் அத்தனை மாடுகளின் மடியும், இரண்டு தொட்டிகளில் மெல்லச் சூடேறத் தொடங்கின.

கணினித் திரையில் அவள் பார்த்தாள். சொல்லியாயிற்று. பதில் வந்தாயிற்று. மறுபடி சூடு ஏறியது, மறுபடி சொல்லியாயிற்று, மறுபடி பதில் வந்தாயிற்று. அவள் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். சாரல் மட்டும் நடந்து வந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் இலை இலையாக விக்கல் எடுத்திருக்கும், பாயசத்துக்கு நடுவே ‘பெட்டி’ என்றிருப்பார்கள், நின்றிருக்கும். கேட்டேன் என்பதற்கும் வந்தேன் என்பதற்கும் நடுவில் கிடக்கிற தூரத்தைக் கடக்க எந்தக் கம்பியும் இல்லை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அந்தத் தூரத்தைக் கால்தான் கடக்க வேண்டும். அங்கே இருந்ததோ அவளுடைய இரண்டு கால்கள் மட்டும்.

அழைக்காத கல்யாணத்துக்கு நடந்து போவது எப்படியிருக்கும் என்பதை அழைக்கப்படாதவர்கள்தான் அறிவார்கள். நிலையத்தின் வெள்ளை மேலங்கியோடு, நனைந்த தலையோடு, அவள் மண்டபத்து வாசலில் வந்து நின்றபோது, சந்தனக் கிண்ணமும் கற்கண்டுமாக வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நின்றது சுடலைவடிவேதான். நாதசுரம் தானாகத் தணிந்தது.

உலகம்மாள் சுற்றிலும் பார்த்தாள். பேசுவதற்கு வாளியும் இல்லை, பால்மானியும் இல்லை.

“மதினி, சொல்ல வந்திருக்கேன்” என்றாள்.

எழவு சொல்ல வருகிறவர்கள் வாசலில் நின்று சொல்லும் முதல் சொல் அது. பந்தியில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

“பால் கெடப்போவுது. ஜெனரேட்டர் எடுக்கல. என் ஒருத்தியால ஆகாது. ஆள் வேணும்.”

சுடலைவடிவு அவளைப் பார்த்தாள். கல்யாணம், பால், பெட்டி எதுவும் அந்தப் பார்வையில் இல்லை.

“அன்னைக்கும் இப்படி வந்து சொல்லியிருக்கலாமேட்டி” என்றாள்.

“பொணத்தத் தனியா விட்டுட்டு எப்படி மதினி வருவேன்? அங்க நான் ஒருத்திதான இருந்தேன்.”

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காததால் அவள் சொல்லாத பதில் அது. தம்பி கிடந்த அந்த அறையை, கதவுக்கு அந்தப் பக்கம் மழையை, இந்தப் பக்கம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த இவளை, சுடலைவடிவு அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள் போலிருந்தது. சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “உலகம்மா” என்றாள். அந்தப் பேர் அவள் வாயில் வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

உலகம்மாளுக்கு விக்கல் எடுத்தது.

முதலில் அவளுக்கே புரியவில்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்து, நெஞ்சைத் தட்டி, தொண்டையில் வந்து திறந்தது. அடுத்த கணம் மண்டபம் முழுவதற்கும் எடுத்தது, மணமேடையில் வள்ளிமயிலுக்கும், ஊருக்குப் புதியவனான அவள் மாப்பிள்ளைக்கும்கூட எடுத்தது. இந்தத் தடவை யாரும் பேரைச் சொல்லி நிறுத்தவில்லை.

“என்னவே மசமசன்னு நிக்கீரு?” என்று கையைக் கழுவாமலே எழுந்தார் ஆவுடைநாயகம். “தாலி கட்டியாச்சுல்லா, இனி இங்க வெளிச்சம் எதுக்கு? மண்டபத்து ஜெனரேட்டரத் தூக்கி டிராக்டர்ல வையுங்க!”

“மைக்கு நின்னுருமே அண்ணாச்சி” என்றான் நாதசுரக்காரன்.

“நீரு என்ன மைக்கையா ஊதுதீரு? ஊதும் ஊதும்!”

கல்யாணத்து விளக்குகள் அணைந்தன. டிராக்டரில் ஜெனரேட்டர் முன்னால் போக, சமையல்காரர்கள் ஐஸ்கட்டிகளைச் சாக்கில் சுமந்து வர, பட்டுச்சேலைகள் முழங்கால்வரை சேறாக, நாதசுரமும் தவிலும் நிறுத்தாமல் பின்தொடர, ஊர் முழுவதும் விக்கிக்கொண்டே, ஒரே தாளத்தில் கால் வைத்து, சாரலுக்குள் நடந்தது. தொட்டிகளுக்குள் மறுபடி குளிர் இறங்கத் தொடங்கியபோது ஒவ்வொருவருக்காக விக்கல் அடங்கியது. பச்சைப் பொட்டுகள் சிமிட்டின. ஆவுடைநாயகம் பெட்டியைப் பார்த்து, கோயிலில் செய்வதுபோல, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உலகம்மாளுக்கு மட்டும் நிற்கவில்லை. எடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, மேலங்கியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விக்கிக்கொண்டேயிருந்தாள். சுடலைவடிவு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“குடி.”

“வேண்டாம் மதினி.”

“பேரையாவது சொல்லித் தொலையேன், நின்னுரும்லா.”

யாருடைய பேரைச் சொல்ல வேண்டும் என்பது உலகம்மாளுக்குத் தெரியும். அந்தப் பேர்க்காரி எதிரிலேயே, சேறு அப்பிய பட்டுச்சேலையோடு, செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலகம்மாள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“இருந்துட்டுப் போவட்டும்” என்றாள், விக்கல்களுக்கு நடுவே இடம் பார்த்து. “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், மதினி.”